முழு பாட்டில் வாங்கும் முன்: ஃபவுண்டேஷன் சாம்பிள் குறித்த சில கேள்விகள்

கேள்வி: தி.நகர் கடையில் புறங்கையில் பூசிப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்திய ஃபவுண்டேஷன் (முகத்தின் நிறத்தைச் சீராக்கும் அடிப்பூச்சு), வீட்டில் முகத்தில் போட்டதும் ஒரு படி கறுத்துத் தெரிகிறது. பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: பாட்டில் மாறியிருக்காது; நீங்கள் பார்த்த இடம்தான் தவறு. சென்னையில் நாள்தோறும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவரின் புறங்கை, அவருடைய முகத்தைவிடக் கறுத்தே இருக்கும். அதற்குப் பொருந்திய ஷேட், அதாவது நிறச் சாயல், முகத்தில் எடுபடாது. கடையின் மஞ்சள் விளக்கும் உங்களை ஏமாற்றியிருக்கும். இவை தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: ஈரம் உலர்ந்து, முகத்தில் சுரக்கும் எண்ணெயோடு கலந்த பிறகு ஃபவுண்டேஷனின் நிறம் சற்று ஆழ்ந்துவிடுகிறது. எங்கள் ஒப்பனைத் தொழிலில் இதை ‘ஆக்சிடைஸ் ஆகிவிட்டது’, அதாவது ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிட்டது என்போம். நிறம் தருபவை பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளே என்பதால், ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதற்கு அந்தப் பெயர் அவ்வளவு பொருத்தமில்லை என்பது என் எண்ணம்.

அடுத்த முறை, அருகருகே உள்ள மூன்று ஷேட்களைக் காதுக்குக் கீழே தாடையோரத்திலிருந்து கழுத்தை நோக்கி மூன்று கோடுகளாக இழுத்துவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலையைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கைக்கண்ணாடியில் பாருங்கள். எந்தக் கோடு தேடினாலும் அகப்படவில்லையோ அதுதான் உங்களுடையது. மாநிறத்தவருக்கு ஒரு படி வெளிறிய ஷேட்டை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் சில விற்பனையாளர்களிடம் இன்னும் இருக்கிறது. முகம் சாம்பல் பூத்தாற்போல் ஆவது அதனால்தான்.

கேள்வி: 1 மில்லி சாம்பிளை வைத்துக்கொண்டு என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?

பதில்: நிறையவே. முழு முகத்துக்கு ஏறக்குறைய அரை முதல் ஒரு மில்லி வரை தேவைப்படும் என்பதால், முகத்தின் ஒரு பாதியில் மட்டும் பூசினால் அதே சாம்பிள் இரண்டு, மூன்று நாள் வரும். பூசாத பாதியோடு ஒப்பிட்டும் பார்க்கலாம். ஏசி அறையிலேயே உட்கார்ந்திருக்கும் நாளில் எந்த ஃபவுண்டேஷனும் நன்றாகத்தான் நிற்கும். ஆகவே மின்சார ரயிலில் நின்றுகொண்டு போய், வெயிலில் கொஞ்சம் நடந்து, வேர்த்து வடியும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகப் போடும் சன்ஸ்கிரீனையும், ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் ப்ரைமரையும் போட்ட பிறகே பூசுங்கள்; அடியில் உள்ளதோடு ஒத்துப்போகாத ஃபவுண்டேஷன், தேய்க்கத் தேய்க்க அழுக்கு உருள்வதுபோல் திரிதிரியாக உருண்டு வரும். மாலை நான்கு மணிக்கு மூக்கின் இரு ஓரங்களையும் மேலுதட்டையும் பாருங்கள். முதலில் கலைவது அங்கேதான். வேர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பின்னும் அங்கே திட்டுத்திட்டாகத் தெரிந்தால், அந்த பாட்டில் உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: கடையில் பூசிப் பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் டெஸ்டரை நேராக முகத்தில் பூசலாமா?

பதில்: கூடாது. பலர் விரல் பட்ட பொருள் அது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஸ்பாஞ்சில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஆவணியில் திருமணம். சாம்பிள்களை எப்போது சோதிப்பது?

பதில்: நலங்குக்கு முன்பே முடித்துவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், நலங்கு முடிந்த மறுநாள் ஒரு மணப்பெண்ணுக்கு ஷேட் பார்த்தேன். முகத்தில் ஏறியிருந்த மஞ்சளை அவருடைய இயல்பான நிறமென்று நம்பி, மஞ்சள் சாயல் கொண்டதை எடுத்து வைத்தேன். முகூர்த்தத்தன்று மஞ்சள் இறங்கியிருந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று ஆகி, கழுத்து வரை இழுத்துப் பூசிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவர்களும் சில நாள் நிறுத்திவிட்டுப் பார்ப்பது நல்லது.

புகைப்படத்துக்காக இன்னொன்றும் செய்யுங்கள். சாம்பிளைப் பூசிக்கொண்டு, விளக்கை அணைத்து, கைபேசியின் ஃப்ளாஷில் ஒரு படம் எடுங்கள். சன்ஸ்கிரீன் கலந்த சில ஃபவுண்டேஷன்களில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடும் சிங்க் ஆக்சைடும் ஒளியைத் திருப்பி அடிப்பதால் முகம் மட்டும் வெள்ளையாக விழும். வரவேற்பு ஆல்பம் முழுவதும் அப்படி அமைந்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

கேள்வி: பெரிய பாட்டிலிலிருந்து சிறு டப்பாவில் பிரித்து ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: நான் வாங்க மாட்டேன். தயாரிப்பு நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை மூல உறையில்தான் இருக்கும். பிரித்த டப்பாவில் என்ன இருக்கிறது, அது திறந்து எத்தனை மாதமாகிறது என்பதற்கு விற்பவரின் சொல்லைத் தவிர வேறு சான்று கிடையாது. நிறுவனமே மூடி முத்திரையிட்டுத் தரும் சாஷே அல்லது சிறிய டியூப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதையும் முகத்தில் போடும் முன், முழங்கையின் உட்புறத்தில் துளி பூசி இரண்டு நாள் கவனியுங்கள். அரிப்போ தடிப்போ வந்தால், ஷேட் எவ்வளவு பொருந்தினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள்.