லண்டனில் இருக்கும் தம்பி அப்பாவைத் தன் நாலு சீட் விமானத்தில் பிரான்சுக்குக் கூட்டிப்போய் அன்றே திரும்பலாமா? யாருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்? (அப்பா கல்லடி ஊர்க்காரர், இலங்கைக் கடவுச்சீட்டு)

கூட்டிப்போகலாம். ஆனால் முதலில் அப்பாவின் விசாக்களைப் பாருங்கள். பிரான்சுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பிரித்தானிய விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி இறங்கும்போது மாட்டுவார்.

அடுத்தது ஜி.ஏ.ஆர். (GAR): சிறு விமானத்தில் போவோர் வருவோர் விபரத்தைப் பிரித்தானிய எல்லைப் படைக்கு (Border Force) அறிவிக்கும் படிவம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. 2024 ஏப்ரல் முதல் இதை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும்: புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பும் கூடாது, கடைசி 2 மணி நேரத்துக்குள்ளும் கூடாது. தவறினால் 10,000 பவுண் வரை அபராதம். ஃப்ளைட் பிளான் போட்டால் இதுவும் முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஆட்கள் உண்டு. அது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு, குறைந்தது 60 நிமிடம் முன்பு கொடுப்பது. எல்லைப் படைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படிவத்தில் நேரம் எல்லாம் யூ.டி.சி.யில் (UTC, உலகப் பொது நேரம்). கோடையில் லண்டன் அதற்கு ஒரு மணி, பிரான்ஸ் இரண்டு மணி முன்னால். வட பிரான்சிலுள்ள லெ துக்கே விமான நிலையத்தில் மாலை 4 மணிக்குக் கிளம்பினால் 14:00 என்று எழுத வேண்டும், பிரான்ஸ் நேரம் 2 மணிக்குள் அனுப்பிவிடவும் வேண்டும். முதல்நாள் இரவே இரண்டையும் அனுப்பிவிடச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் போன் சிக்னல் தேடுவதைவிட அது நல்லது.

நம்மட ஆட்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வரும். தகப்பன் பெயர் எந்தக் கட்டத்தில் போகும்? கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் மேல்வரியைப் பாருங்கள். LKA என்பதற்குப் பின், << குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப்பெயர், பின்னால் இருப்பது மற்றப் பெயர்கள். அதே பிரிப்பில் நிரப்புங்கள். அந்த வரியில் பெயருக்கு 39 இடம்தான். நீளமான பெயர் வெட்டுப்பட்டிருக்கும், ஆகவே முழுப்பெயரை மேலே அச்சிட்டுள்ளபடி எழுதுங்கள். கடவுச்சீட்டின் விபரப் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், எண்ணைப் போனில் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பிரான்சில் சுங்கமும் எல்லைப் பொலிஸும் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்கவும் கிளம்பவும் வேண்டும். எவ்வளவு முன்பு சொல்ல வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும். பறக்கும் கிழமையில் அந்த நிலையத்தின் நடப்பு அறிவித்தலைத் தம்பி பார்க்கட்டும்.

வானிலை கெட்டுப் பயணம் நின்றால் அனுப்பிய ஜி.ஏ.ஆர்.ஐ ரத்துச் செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் மச்சானும் வாறார் என்றால் திருத்தி அனுப்பிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.