இட்டரேட்டரிடம் டைப் கேட்பது எப்படி? (சி++ கேள்வி பதில்)

சார், கூட்டுத்தொகை காண எந்த டைப்புக்கும் பொருந்தும் ஒரு டெம்ப்ளேட் ஃபங்ஷன் எழுதினேன். உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டு நகரும் இட்டரேட்டரின் டைப்புக்கு அதில் 'இட்' என்று பெயர். உறுப்பின் டைப்பைப் பெற உள்ளே இட்::வேல்யூ_டைப் என்று போட்டிருக்கிறேன். வெக்டருக்கு ஓடுகிறது, சாதாரண அரே கொடுத்தால் கம்பைலர் கத்துகிறது. ஏன்?

அரே கொடுத்தால் ஃபங்ஷனுக்குள் வந்து சேர்வது ஒரு இன்ட் பாயிண்டர், அதாவது ஒரு நினைவக முகவரி. அது கிளாஸ் இல்லையே, அதற்குள் வேல்யூ_டைப் எங்கிருந்து வரும்? வெக்டருக்கு ஓடியதும் உங்கள் அதிர்ஷ்டம்தான். வெக்டரின் இட்டரேட்டர் வெறும் பாயிண்டராகவே இருக்கலாம் என்று ஸ்டாண்டர்ட் அனுமதிக்கிறது.

அதனால் இட்டரேட்டரிடம் நேராகக் கேட்காதீர்கள். எஸ்டிடி::இட்டரேட்டர்_ட்ரெய்ட்ஸ் மூலமாகக் கேளுங்கள். அதில் ஐந்து பெயர்கள் உண்டு: வேல்யூ_டைப், ரெஃபரன்ஸ், பாயிண்டர், டிஃபரன்ஸ்_டைப், இட்டரேட்டர்_கேட்டகரி. கிளாஸ் இட்டரேட்டர் என்றால் அதற்குள் இருப்பதை எடுத்துத் தரும். பாயிண்டர் என்றால் அதற்கென்றே தனி வடிவம் (ஸ்பெஷலைசேஷன்) எழுதி வைத்திருக்கிறார்கள். கான்ஸ்ட் இன்ட் பாயிண்டர் கொடுத்தாலும் வேல்யூ_டைப் வெறும் இன்ட்தான், கான்ஸ்ட் கழன்றுவிடும். கூட்டுத்தொகையை மாற்ற முடியாத வேரியபிளில் வைத்து என்ன செய்வது!

எஸ்டிடி::இட்டரேட்டர்_ட்ரெய்ட்ஸ்<இட்>::வேல்யூ_டைப் என்பதற்கு முன்னால் டைப்நேம் என்று எழுதாவிட்டால் எரர் வருகிறதே?

டெம்ப்ளேட்டைப் படிக்கும்போது கம்பைலருக்கு இட் என்னவென்றே தெரியாது. '::' போட்டு வரும் பெயரை அது ஒரு மதிப்பு என்றே எடுத்துக்கொள்ளும். 'இது டைப்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சி++20-ல் யூசிங் வரி போன்ற சில இடங்களில் விலக்கு உண்டு. அதே சி++20-ல் எஸ்டிடி::இட்டர்_வேல்யூ_டி<இட்> என்று சுருக்கமாக எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை.

அண்ணா, இத்தனை சுற்று எதற்கு? முதல் உறுப்பைச் சுட்டும் இட்டரேட்டர் 'முதல்' என்றால், அடைப்புக்குள் இருப்பதன் டைப்பைச் சொல்லும் டெக்கில்டைப்(*முதல்) போட்டால் டைப் வந்துவிடுகிறதே!

வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற டைப் வராது தம்பி. நானே இதில் ஒரு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன். அரேயில் 3, 4, 5 இருக்கிறது. டெக்கில்டைப்(*முதல்) என்ற டைப்பில் 'கூட்டல்' என்றொரு வேரியபிள், அதில் முதல் உறுப்பு, அப்புறம் லூப்பில் மற்ற இரண்டையும் சேர்க்கிறோம். விடை 12, சரிதான். அதே ஃபங்ஷனை மறுபடி கூப்பிட்டால் 21! *முதல் தருவது இன்ட் ரெஃபரன்ஸ். 'கூட்டல்' தனி வேரியபிளே இல்லை, அரேயின் முதல் உறுப்புக்கு இன்னொரு பெயர். அரே இப்போது 12, 4, 5 ஆகிவிட்டது. முதல் டெஸ்ட் பாஸ் ஆகிவிடுவதால் சந்தேகமே வராது.

டைப்பைக் கம்பைலரே ஊகிக்கும் ஆட்டோ போட்டால் ரெஃபரன்ஸ் கழன்றுவிடும், இன்ட்டுக்கு அது போதும். ஆனால் வெக்டர்<பூல்> வந்தால் அதுவும் கவிழும். அதன் இட்டரேட்டர் தருவது பூல் இல்லை, அந்த பிட்டைக் காட்டும் ஒரு ப்ராக்ஸி ஆப்ஜெக்ட். அதை ஆட்டோவில் காப்பி எடுத்தாலும் அது பழைய பிட்டையே பிடித்துக்கொண்டிருக்கும். வேல்யூ_டைப் கேட்டால் ஒழுங்காக பூல் கிடைக்கும். எடுத்து வைக்க வேல்யூ_டைப், இருக்கும் இடத்திலேயே தொட ரெஃபரன்ஸ்.

மேப்பின் இட்டரேட்டரிலிருந்து வேல்யூ_டைப் எடுத்து, அதில் வெக்டர் செய்து வரிசைப்படுத்த எஸ்டிடி::சார்ட் போட்டேன். பக்கம் பக்கமாக எரர்.

மேப்பின் வேல்யூ_டைப், கீ கான்ஸ்ட் ஆன ஒரு எஸ்டிடி::பேர், அதாவது கீயும் மதிப்பும் சேர்ந்த ஜோடி. அந்த பேருக்கு அசைன்மென்ட் கிடையாது, சார்ட்டுக்கு அது இல்லாமல் முடியாது. ஃபர்ஸ்ட்_டைப்பிலிருந்து ரிமூவ்_கான்ஸ்ட் போட்டு நீங்களே புது பேர் டைப் கட்டிக்கொள்ளுங்கள்.

கொடுக்கப்பட்ட இட்டரேட்டர் வழியாக எழுத முடியுமா என்று பார்க்க ரெஃபரன்ஸ் மேல் இஸ்_கான்ஸ்ட் போட்டேன். எப்போதும் ஃபால்ஸ்!

ரெஃபரன்ஸ் டைப் கான்ஸ்ட் ஆகவே முடியாது. அது சுட்டும் பொருள்தான் கான்ஸ்ட். முதலில் ரிமூவ்_ரெஃபரன்ஸ், அப்புறம் இஸ்_கான்ஸ்ட்.

இட்டரேட்டர்_கேட்டகரியால் நடைமுறையில் என்ன பயன்?

இட்டரேட்டர் எப்படி நகரும் என்பதைச் சொல்வது அதுதான். இட்டரேட்டரை நகர்த்தும் எஸ்டிடி::அட்வான்ஸ் அதை வைத்துத்தான் பிழைக்கிறது. லிஸ்ட் என்றால் 1000 இடம் போக 1000 அடி நடக்கும், வெக்டர் என்றால் ஒரே கூட்டலில் தாவும். ஒரு எச்சரிக்கை: தொடர் எண்களைத் தரும் சி++20-ன் ஐயோட்டா வியூவின் இட்டரேட்டர் தாவக்கூடியது, ஆனால் அதன் கேட்டகரி 'இன்புட்' (அடி அடியாக முன்னால் மட்டும் நகர்வது) என்றுதான் சொல்லும். *இட் உண்மையான ரெஃபரன்ஸ் தராததால் பழைய விதிப்படி அதற்கு அவ்வளவுதான் மதிப்பு. கேட்டகரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் உங்கள் கோட் வீணாக நடந்துகொண்டிருக்கும். ரேண்டம்_ஆக்ஸஸ்_இட்டரேட்டர் என்ற கான்செப்டை (டைப் மீதான நிபந்தனை) வைத்துக் கேளுங்கள்.

கடைசியாக, இட்டரேட்டரை வைத்து அது எந்தக் கண்டெய்னருடையது (வெக்டர், லிஸ்ட் போல உறுப்புகளை வைத்திருப்பது) என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. இன்ட் பாயிண்டர் அரேயிலிருந்தும் வரலாம், வெக்டரிலிருந்தும் வரலாம். எஸ்டிடி::ரிமூவ் போட்ட பிறகும் வெக்டரின் சைஸ் குறையாததற்கு இதுதான் காரணம். அதன் கையில் இருப்பது இரண்டு இட்டரேட்டர்கள் மட்டுமே, கண்டெய்னரைச் சுருக்கச் சொல்ல அதற்கு வழியில்லை. வேண்டாதவற்றைத் தள்ளிவிட்டுப் புது முடிவை உங்களிடம் தருகிறது; அங்கிருந்து இரேஸ் செய்வது உங்கள் வேலை. சி++20-ன் எஸ்டிடி::இரேஸ் கண்டெய்னரையே வாங்கிக்கொள்கிறது, அதனால் இரண்டையும் அதுவே முடித்துவிடும்.