ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சொல்கிறார் முதலாளி

கேள்வி: திருப்பூர்க்காரன் நான். கென்யாவில் ஆத்தி ரிவர் ஏற்றுமதி மண்டலத்தில், வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் ஆயத்த ஆடை ஆலையில் உற்பத்தி மேலாளர். ஆர்டர் இல்லை என்று இந்த வாரமே 80 டெய்லர்களை அனுப்பச் சொல்கிறார் முதலாளி. "மண்டலத்துக்குள் தொழிலாளர் சட்டம் கிடையாது, ராஜினாமா எழுதி வாங்கிவிடு" என்கிறார். பலர் ஐந்தாண்டு வேலை பார்த்தவர்கள். எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரும். கென்யாவின் 2007ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 'முதலாளி' என்ற சொல்லுக்குள் மேலாளரையும் மேஸ்திரியையும் சேர்த்தே வைத்திருக்கிறது. "சொன்னதைச் செய்தேன்" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள்.

மண்டலத்தைப் பற்றி அவர் சொல்வது பழைய கதை. 1990ஆம் ஆண்டு ஏற்றுமதி மண்டலச் சட்டம் முதலீட்டாளருக்குப் பத்தாண்டு வருமான வரி விலக்கு தருகிறது. அந்தச் சலுகையைக் காட்டி டெய்லரின் கூலியிலும் உரிமையிலும் கைவைக்க முடியாது.

ஆர்டர் குறைந்தால் ஆட்களைக் குறைக்கலாம், தவறில்லை. அதற்கு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஒரு மாதம் முன்பே தொழிற்சங்கத்துக்கும் தொழிலாளர் அலுவலருக்கும் காரணத்தையும் எத்தனை பேர் என்பதையும் எழுதித் தெரிவிக்க வேண்டும். சங்கத்தில் இல்லாதவருக்குத் தனித்தனியாகக் கடிதம். யாரை அனுப்புவது என்பதில் பணிமூப்பு, திறமை, நம்பகத்தன்மை பார்க்க வேண்டும். கர்ப்பிணியைப் பொறுக்கி எடுத்து அனுப்பினால் அது தனி வழக்கு. ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், எடுக்காத விடுப்புக்குப் பணம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது 15 நாள் ஊதியம். இந்த 15 நாள் கணக்கு திருப்பூரில் உங்களுக்குப் பழகியதுதான்.

ஒப்பந்தக் காலம் இயல்பாக முடிகிறவர்களின் நிலை வேறு. தேதி வந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்றே நீதிமன்றம் பெரும்பாலும் பார்க்கும். நடுவில் அறுப்பதுதான் ஆபத்து.

ஒரே நாளில், ஒரே வாசகத்தில் 80 ராஜினாமாக்கள்! எந்த நீதிபதியும் சிரிப்பார். நியாயமற்ற பணிநீக்கம் என்று தீர்ப்பானால் ஆளுக்குப் பன்னிரண்டு மாத ஊதியம் வரை போகலாம்; வழக்குப் போட மூன்றாண்டு அவகாசமும் உண்டு. முறைப்படி செய்வதே செலவு குறைவு என்று முதலாளியிடம் மின்னஞ்சலில் சொல்லுங்கள், வாய்மொழியாக வேண்டாம். அந்த ராஜினாமா கடிதங்களில் சாட்சியாகக்கூட உங்கள் கையெழுத்து விழக்கூடாது.

உங்கள் வேலை அனுமதி இந்த ஆலையோடு கட்டப்பட்டது. ஆகவே மறுப்பதற்கு முன் நைரோபியில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உங்கள் பாஸ்போர்ட் ஆலை அலுவலகத்தின் அலமாரியில் இருந்தால், இன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.