வயலில் உழைப்போரின் சிறுநீரக நோய்: கேள்வி பதில்

வெப்பமண்டல நாடுகளின் விவசாயத் தொழிலாளர்களிடம் காணப்படும், காரணம் முழுதும் விளங்காத நாள்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிய கேள்விகளுக்குச் சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, சர்க்கரையும் இல்லை, இரத்தக் கொதிப்பும் இல்லை என்றால் சிறுநீரகம் எப்படிப் பழுதாகும்?

பதில்: நீரிழிவு பெரும்பாலும் சிறுநீரகத்தின் வடிகட்டிகளை முதலில் சிதைப்பதால், சிறுநீரில் புரதம் வெளியேறுவது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். இந்த நோயிலோ நுண்குழல்களும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் தழும்பேறிச் சுருங்குகின்றன. புரதம் மிகக் குறைவாகவே வெளியேறும். கால் வீக்கமும் பொதுவாக இராது. இரத்த அழுத்தம் உயர்ந்தாலும் பெரும்பாலும் பிற்காலத்தில்தான் உயரும். முப்பது, நாற்பது வயதுடைய, நேற்றுவரை மண்வெட்டி பிடித்த ஒருவர் திடீரென்று டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் வந்து நிற்பது இதனால்தான்.

கேள்வி: இது எந்தெந்த நாடுகளில் உள்ளது?

பதில்: எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் பசிபிக் கரையோரத் தாழ்நிலங்களில் கரும்பு வெட்டுவோரிடமும், 1990களிலிருந்து இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்ட நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் மிகுதியாகப் பதிவாகியுள்ளது.

கேள்வி: களைக்கொல்லிதானே காரணம்? இலங்கை அரசே கிளைஃபோசேட்டைத் தடை செய்ததே?

பதில்: 2015இல் தடை செய்தது உண்மை, 2018இல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்காக அதைத் தளர்த்தியதும் உண்மை. ஒரு தடையை அறிவியல் நிரூபணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. எல் சால்வடாரில் கடலோரக் கரும்புத் தொழிலாளர்களிடம் நோய் மிகுந்திருந்தபோது, சுமார் 500 மீட்டர் உயரத்தில் அதே கரும்பைப் பயிரிட்டவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. பயிர் ஒன்றாயிருக்க, மாறியது வெப்பம் என்பதால் பல ஆய்வாளர்களின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. மத்திய அமெரிக்காவில் சுரங்கத் தொழிலாளர்களும் பாதிக்கப்பட்டிருப்பது அதற்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும், இலங்கையில் பெண்களும் கணிசமாகப் பாதிக்கப்படுவதையும், ஊருக்கு ஊர் நோய் ஏறி இறங்குவதையும் வெப்பம் ஒன்றைக் கொண்டு விளக்க முடியாது. அங்கே கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளோரைடு, கேட்மியம், வேளாண் ரசாயனங்கள் ஆகியவை இன்றும் ஆராயப்படுகின்றன. எல்லா நாடுகளுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவதே தவறாக இருக்கலாம்.

கேள்வி: வெயிலில் வேலை செய்தால் களைப்பு வரும், சிறுநீரகம் ஏன் கெட வேண்டும்?

பதில்: மணிக்கணக்கில் வியர்க்கும்போது உடலின் நீரளவு குறைந்து, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் தணிகிறது, கடும் உழைப்பில் தசை சிதைவதால் யூரிக் அமிலமும் கூடுகிறது. கரும்பு வெட்டுவோரிடம் காலையில் இருந்ததைவிட மாலையில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் உயர்ந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஓய்வெடுத்தால் அது தணியும். ஆனால் அறுவடைக் காலம் முழுதும் சிறு சிறு காயங்கள் தொடர்ந்தால், அவையே நிலையான தழும்பாகும் என்பதுதான் இந்தக் கருதுகோள்.

கேள்வி: உடல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, இடையிடையே குளிர்பானம் குடிக்கலாமா டாக்டர்?

பதில்: இரண்டும் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், நீரிழந்த உடலில் ஏற்கெனவே குறைந்துள்ள சிறுநீரக இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். சர்க்கரை மிகுந்த பானம் நீரிழந்த சிறுநீரகத்துக்குக் கூடுதல் தீங்கு செய்வதை விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன.

கேள்வி: சிறுநீர்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இருக்க முடியாது, காரணத்தை முதல் பதிலில் சொல்லிவிட்டேன். இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, அதிலிருந்து ஈஜிஎஃப்ஆர் எனப்படும் வடிதிறனைக் கணக்கிட வேண்டும். அது 60க்குக் கீழே இருந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் எனலாம். கடும் உழைப்புக்கு மறுநாள் எடுத்த ஒற்றை முடிவை வைத்து எவரையும் நோயாளி என்று முத்திரை குத்த வேண்டாம்.

கேள்வி: நான் தோட்ட மேற்பார்வையாளன். என்னால் செய்யக்கூடியது என்ன?

பதில்: தண்ணீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றையும் வேலைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இவற்றை முறைப்படுத்திய பிறகு சிறுநீரகக் காயம் குறைந்தது. ஆனால் வெட்டிய எடைக்கே கூலி என்றிருக்கும் இடத்தில் நிழற்பந்தல் போட்டாலும் எவரும் உட்கார மாட்டார்கள். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்று முதலில் உங்கள் நிர்வாகத்தை ஒப்புக்கொள்ள வையுங்கள்.