எலிக்கு ஊசி போட முதல் போத்தல் கழுவப் பழகுங்கோ

தங்கச்சி, உங்கட கேள்வியைப் பாத்தனான், ரெண்டு நாளா பதில் எழுத நேரம் வரேல்லை, குறை நினைக்காதேங்கோ. பேராதனையில கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் முடிச்சிட்டன், ரொறன்ரோவில பிஎச்டிக்கு இடம் கிடைச்சிருக்கு, நனோ துணிக்கையில, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் துணிக்கையில, மருந்தை ஏத்திக் கான்சர் கட்டிக்கு அனுப்புற குறூப், ஆனா ஓ.எல்லுக்குப் பிறகு நான் பயோ பக்கமே போகேல்லை, டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் நிறைஞ்ச இடத்தில நான் போய் என்ன செய்யிறது, பேசாம ஒரு சுத்தக் கெமிஸ்ட்ரி குறூப்புக்கு மாறட்டோ அக்கா எண்டு கேட்டிருந்தியள்.

மாறாதேங்கோ. ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும், தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

நான் 2010 செப்ரெம்பர் வந்தனான். நானும் மற்ஸ் படிச்சுக் கெமிஸ்ட்ரிக்குப் போன ஆள்தான், பயோ எண்டால் தவளை வெட்டுறது எண்ட அளவிலதான் தெரியும். முதல் குறூப் மீற்றிங்கில ஒருத்தர் எழும்பி கிளியறன்ஸ் சரியான வேகமா இருக்கு, கிளியறன்ஸைக் குறைக்கவேணும் எண்டு அரை மணித்தியாலம் கதைக்கிறார், எனக்குக் கிளியறன்ஸ் எண்டால் கடையில மலிவு விலை போடுறதுதான் தெரியும். ரத்தத்தில இருந்து மருந்து எவ்வளவு கெதியா வெளிய போகுது எண்டதுக்கு அந்தப் பேர் எண்டு பின்னேரம் தேடிப் பாத்துத்தான் விளங்கினது. வாய் திறந்து ஒருத்தரையும் கேக்கேல்லை, கேட்டா சிரிப்பினம் எண்டு நினைச்சன். உந்தப் பிழையை நீங்கள் விடாதேங்கோ. பேந்துதான் தெரியும், அண்டைக்கு அந்த மேசையில இருந்த எஞ்சினியர் பெடியனுக்கும் அது விளங்கேல்லையாம், அவன் எனக்கு விளங்கிட்டுது எண்டு நினைச்சுப் பேசாம இருந்தவனாம்.

நீங்கள் வரப்போற இடத்தைப் பற்றிச் சொல்லவேணும். குயின்ஸ் பார்க் ஸ்ரேசனில இறங்கி மேல வந்தா கொலிஜ் ஸ்ரீற்றும் யூனிவர்சிற்றி அவெனியூவும் சந்திக்கிற மூலை. ஒரு பக்கம் கம்பஸ், அடுத்த பக்கம் வரிசையா ஆஸ்பத்திரியள், சிக்கிட்ஸ், ரொறன்ரோ ஜெனரல், மவுன்ற் சினாய், பிரின்ஸஸ் மார்கிரற் எல்லாம் நடந்து போற தூரம். காலமை ஒப்பரேசனில எடுத்த கட்டித் துண்டு மத்தியானத்துக்கு முதல் லாப் மேசைக்கு வாறது இந்தக் கிட்டத்தாலதான். ஸ்ரெம் செல், அதாவது மற்றக் கலங்களை உண்டாக்கிற தாய்க் கலம், எண்ட ஒண்டு இருக்கு எண்டதைச் சோதனையில காட்டினதும் இந்த ஊர்தான், 1961இல வந்த கட்டுரை, செய்தவை ரெண்டு பேர், மக்கலக் ரத்தம் சம்பந்தப்பட்ட டொக்டர், ரில் பௌதிகக்காரர். எலியின்ர மண்ணீரலில வந்த சின்னச் சின்ன முடிச்சுகளை ஒண்டொண்டா எண்ணிக் கணக்குப் போட்டு வந்த விசயம் அது.

ஆனா உங்களுக்கு நான் சொல்ல விரும்புற ஆள் வேற. இன்சுலின் கதையில பான்டிங்கையும் பெஸ்ட்டையும் எல்லாருக்கும் தெரியும். 1921 கோடைகாலத்தில இங்க ரொறன்ரோவில, மக்லியோட் எண்ட பேராசிரியரின்ர லாப்பில நாயளை வைச்சுத் தொடங்கினவை. 1922 ஜனவரி 11ஆம் தேதி லெனர்ட் தொம்சன் எண்ட, சீனி வருத்தம் வந்த 14 வயசுப் பெடியனுக்கு முதல் ஊசி போட்டவை. சரி வரேல்லை. சீனி கொஞ்சம் இறங்கினது, ஆனா மருந்து அவ்வளவு அழுக்கு, ஊசி போட்ட இடம் சீழ் கட்டிப் போச்சு, நிப்பாட்டிட்டினம். ரெண்டு கிழமைக்குள்ள, 23ஆம் தேதி, திருப்பிப் போட்ட ஊசிதான் வேலை செய்தது, அந்தப் பெடியன் பிறகும் 13 வருஷம் இருந்தவன். இடையில நடந்தது என்ன? அல்பேர்ட்டாவில இருந்து ஒரு வருஷத்துக்கு வந்திருந்த கொலிப் எண்ட உயிர்இரசாயனக்காரர், அற்ககோல் எத்தினை வீதத்தில தேவையில்லாத புரதம் படியும், எத்தினை வீதத்தில இன்சுலின் படியும் எண்டு இருந்து பாத்துப் பிரிச்சு எடுத்தவர். அவ்வளவுதான் வேலை. அதைவிட எனக்குப் பிடிச்ச பகுதி என்னண்டால், அந்த வருஷமே கொஞ்ச மாதத்தில பெரிய அளவில செய்யப் போகேக்க அதே கொலிப்பாலையே அதே இன்சுலினைத் திருப்பிச் செய்ய ஏலாமப் போச்சு! பிறகுதான் ஒரு மாதிரிச் சரிக்கட்டினவை. 1923 நோபல் பான்டிங்குக்கும் மக்லியோட்டுக்கும் போச்சு, மக்லியோட் தன்ர காசில பாதியைக் கொலிப்புக்குக் குடுத்தவர்.

ஏன் உந்தக் கதை எண்டால், எங்கட துறையில இண்டைக்கும் மாட்டுப்படுற இடம் அதுதான், சாமானைச் சுத்தமாச் செய்யிறதும் திருப்பி அதே மாதிரிச் செய்யிறதும்.

நனோ துணிக்கை எண்டதைக் கேக்கேக்க புறோஷரில எல்லாம் ஏவுகணை மாதிரிப் படம் போட்டிருப்பினம், நேராக் கட்டிக்குப் போய் வெடிக்குமாம். 1986இல ஜப்பானில மட்சுமுராவும் மயேடாவும் ஒண்டு கண்டவை, கட்டியில இருக்கிற ரத்தக் குழாய் ஒழுகும், பெரிய மூலக்கூறுகள் அதுக்குள்ளால வெளிய வந்து கட்டிக்குள்ள தங்கிடும் எண்டு. அதை நம்பித்தான் முழு உலகமும் ஓடினது. 2016இல ரொறன்ரோவில வோரன் சானின்ர குறூப், அதுக்கு முந்தின 10 வருஷமா வந்த எலிச் சோதனைக் கட்டுரைகளை எல்லாம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாத்தால், ஏத்தின அளவில கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடு மதிப்பா 0.7 வீதம். ஒரு வீதம் கூட இல்லை. ஊரில கலியாணத்துக்கு நூறு பெட்டி பலகாரம் அனுப்பி, ஒரு பெட்டி கூட முழுசா மாப்பிள்ளை வீட்டுக்குப் போகாமல் மிச்சமெல்லாம் வழியில இருக்கிற பெரியம்மா வீட்டில இறங்கின மாதிரி. அந்தப் பெரியம்மா வீடு ஈரல், பக்கத்து வீடு மண்ணீரல். கணக்குப் போட்ட முறை பிழை எண்டு கன பேர் சண்டை பிடிச்சவை, அதுவும் நியாயம்தான், ஆனா ஈரல் எடுத்துக்கொண்டு போகுது எண்டதை ஒருத்தரும் மறுக்கேல்லை. பேந்து 2020இல அதே குறூப், துணிக்கையள் ஒழுகுற ஓட்டைக்குள்ளால போகேல்லை, 97 வீதம் வரை குழாய்ச் சுவரில இருக்கிற கலங்கள் தானே தூக்கி உள்ள விடுகுது எண்டு காட்டினவை. முப்பது வருஷத்துக்கு மேல நம்பினது ஆட்டம் கண்டுபோச்சு.

இதைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ, சில ஆக்கள் கெட்டித்தனமா அந்தப் பெரியம்மா வீட்டுக்கே அனுப்பினவை. வன்கூவரில பீற்றர் கலிஸ் எண்ட பேராசிரியர், கனகாலமாக் கொழுப்புத் துணிக்கையோட வேலை செய்த மனுசன். 2018இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச ஒன்பற்றோ எண்ட மருந்து அந்த வழியில வந்தது. நரம்பைப் பாதிக்கிற ஒரு பரம்பரை வருத்தம், அதுக்குக் காரணமான புரதத்தைச் செய்யிறதே ஈரல்தான், பிறகென்ன, துணிக்கை தானாப் போற இடமும் அது. அதுக்குள்ள இருக்கிற கொழுப்பின்ர பிகேஏ, அதாவது பாதி மூலக்கூறு புரோட்டோன் வாங்கி நிக்கிற பிஎச், 6.4 அளவு. ரத்தத்தின்ர பிஎச் 7.4, அங்க ஏற்றம் இல்லாமச் சும்மா இருக்கும், கலத்துக்குள்ள போய் அமிலம் கூடின பைக்குள்ள விழுந்தவுடன நேர் ஏற்றம் வந்து பையை உடைச்சு, அந்தப் புரதத்தைச் செய்ய விடாமத் தடுக்கிற ஆர்என்ஏயை வெளிய விடும். பாருங்கோ, இது உங்கட ஏ.எல் கெமிஸ்ட்ரி, புரோட்டோன் வாங்கிறது குடுக்கிறது. கோவிட் தடுப்பூசியில போன கொழுப்புத் துணிக்கையும் இதே குடும்பம்தான், பைசர் ஊசிக்கு அதைக் குடுத்தது வன்கூவரில கலிஸும் சேர்ந்து தொடங்கின கொம்பனி. இப்ப சொல்லுங்கோ, பயோ தெரியாத கெமிஸ்ட்ரி ஆளுக்கு அங்க வேலை இல்லையோ?

சரி, என்ர கதை. 2012, ரெண்டாம் வருஷம். தங்கத் துணிக்கை செய்யிறன், வைன் கலரில நல்ல வடிவா வரும், ஒரு போத்தலைப் பாத்தாலே சந்தோசமா இருக்கும். அதை எலியின்ர மக்ரோபேஜ் எண்ட, கிருமியைத் தின்னுற கலங்களில போட்டால் அழற்சிச் சமிக்ஞை எல்லாம் கன்னாபின்னாவெண்டு ஏறுது. துணிக்கையின்ர அளவு மாற அதுவும் மாறுது. பெரிய விசயம் கண்டுபிடிச்சிட்டன் எண்டு நினைச்சு அம்மாவுக்குக் கோல் எடுத்துச் சொல்லி, அவ நல்லூருக்குப் போய் அர்ச்சனையும் செய்து, போஸ்டர் அடிக்கக் குடுக்கிற நிலைமை. எட்டு மாத வேலை. லாப்பில கனகாலமா இருந்த ஒரு டெக்னீசியன் மனுசி, அவ ஒரு பட்டமும் இல்லாத ஆள், படத்தைப் பாத்திட்டு எண்டொடொக்சின் பாத்தனீரோ எண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டவ.

பாக்கேல்லை. அப்பிடி ஒண்டு இருக்கு எண்டே எனக்குத் தெரியாது. பற்றீரியாவின்ர வெளிக்கவசத்தில இருந்து வாற சாமான், பற்றீரியா செத்தாலும் அது சாகாது, ஓட்டோகிளேவில நீராவியால அவிச்சாலும் போகாது, கண்ணாடிச் சாமானை 250 பாகையில அரை மணித்தியாலம் சுட்டால்தான் போகும். நான் பொதுச் சிங்கில கழுவின போத்தல், எல்லாரும் பாவிக்கிற கலக்குற காந்தம், ஒரு மாதமாத் திறந்து வைச்ச தண்ணி. துணிக்கை ஒரு பாவமும் செய்யேல்லை, நான்தான் ஊத்தையை அளந்து கொண்டிருந்தனான். அதிலயும் பாருங்கோ, அதைச் சோதிக்கிறது குதிரைலாட நண்டின்ர ரத்தத்தில செய்த ஒரு கரைசலால, நிறம் மாறுறதைப் பாத்துச் சொல்லுறது, என்ர சாமானோ தானே சிவப்பு, சோதனையே குழம்பும். அதை எப்பிடிச் சரியாச் செய்யிறது எண்டு கண்டுபிடிக்க இன்னும் ஆறு மாதம். எல்லாம் சுத்தமாச் செய்து திருப்பிப் போட்டால் அந்த அழகான ஏற்றம் ஒண்டும் இல்லை, நேர் கோடு. குளியலறையில போய் அழுதனான்.

ஆனா அதுக்குப் பிறகு எங்கட குறூப்பில துணிக்கை செய்து ஆர் எலிக்குப் போடுறதெண்டாலும் முதல் என்னட்டக் கொண்டு வந்து காட்டித்தான் போடுவினம். அளவு சரியோ, ஒண்டோடொண்டு ஒட்டுதோ, மேல என்ன மிச்சம் கிடக்கு, போன கிழமை செய்ததும் இந்தக் கிழமை செய்ததும் ஒண்டோ. போத்தல் கழுவுற அக்கா எண்டு பகிடி பண்ணுவினம். இண்டைக்கு நான் ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சி நிலையத்தில சம்பளம் வாங்கிறதும் அதுக்குத்தான். டொக்டருக்குப் போத்தலுக்குள்ள என்ன இருக்கு எண்டு பாக்க நேரமில்லை, எஞ்சினியருக்குச் சாதனம் ஓடினாக் காணும், உள்ள உண்மையா என்ன இருக்கு எண்டு கேக்கிறதுக்கு உங்களை மாதிரி ஒரு ஆள் வேணும். உங்கட கெமிஸ்ட்ரியைக் குறைவா நினைச்சுக்கொண்டு வராதேங்கோ. பயோ ரெண்டு வருஷத்தில ஒட்டிக்கொள்ளும்.

குறூப்பைப் பற்றி ஒண்டு. ஓம் எண்டு எழுத முதல் அங்க இருக்கிற ரெண்டு ஸ்ரூடன்ற்ஸோட தனியாக் கதையுங்கோ, போன அஞ்சு பேர் எத்தினை வருஷத்தில முடிச்சவை, இப்ப எங்க நிக்கினம் எண்டு கேளுங்கோ. சரி வராத சோதனையை மீற்றிங்கில காட்டினா என்ன நடக்கும் எண்டும் கேளுங்கோ, அதுதான் முக்கியம். பேர் சொல்ல விரும்பேல்லை, நல்லா வந்த எலியின்ர படத்தை மட்டும் கொண்டு வா எண்டு சொல்லுற இடத்தையும் நான் பாத்தனான், அங்க போன ரெண்டு பேர் பாதியில விட்டிட்டுப் போயிட்டினம். சுப்பவைசரை இங்க முதல் பேர் சொல்லித்தான் கூப்பிடுறது, எனக்குச் சேர் எண்டது வாயில இருந்து போக ஒரு வருஷம் எடுத்தது, நீங்களும் கஷ்டப்படுவியள், பரவாயில்லை.

எலி வேலை கட்டாயமோ எண்டும் கேட்டியள். கட்டாயமில்லை, குறூப்பில வேற ஆக்கள் செய்வினம், ஆனா ஒருக்காவாவது பக்கத்தில நிண்டு பாருங்கோ. ரெயினிங் இல்லாமல், எழுதின திட்டத்துக்கு அனுமதி இல்லாமல் ஒருத்தரும் அந்த அறைக்குள்ள கால் வைக்க ஏலாது, அதில சரியான கண்டிப்பு. நான் வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத வீட்டுப் பிள்ளை, முதல் நாள் வந்து சாப்பிட முடியேல்லை. அம்மாவுக்கு இண்டைவரைக்கும் சொல்லேல்லை. இப்பவும் வெள்ளியில எலி வேலை வந்தா நாளை மாத்திப் போடுவன், ஆரும் கேட்டா மீற்றிங் எண்டுதான் சொல்லுறது.

காசு விசயம் கெதியாச் சொல்லுறன். 2018இல இருந்து ரொறன்ரோ யூனிவர்சிற்றி வெளிநாட்டு பிஎச்டி ஆக்களில கனபேரிட்டயும் உள்ளூர் ஆக்களின்ர பீஸைத்தான் எடுக்கினம், எங்கட காலத்தில அது இல்லை, குடுத்து வைச்சனீங்கள். ஆனா உதவித்தொகை எண்டு கடிதத்தில போட்டிருக்கிற தொகையில இருந்து பீஸ் கழிஞ்சாப் பிறகு கைக்கு எவ்வளவு வரும் எண்டு தனியாக் கேளுங்கோ. ஓஹிப், அதாவது மாகாண அரசாங்கத்தின்ர மருத்துவக் காப்புறுதி, உங்களுக்கு வராது, யூஹிப் எண்ட காப்புறுதி யூனிவர்சிற்றியால வரும். வாடகை டவுன்ரவுனில நினைக்கவே ஏலாது, ஸ்காபரோவில எங்கட சனத்தின்ர வீட்டு பேஸ்மென்ற் மலிவு, ஆனா முந்தி ஓடின ஆர்.ரி ரெயின் 2023 ஜூலையோட நிண்டிட்டுது, இப்ப பஸ் எடுத்து கெனடி போய் அங்க இருந்து சப்வே, ஒரு பக்கத்துக்கு ஒண்டே கால் மணித்தியாலம் வையுங்கோ, ராத்திரி பத்து மணிக்குச் சோதனை முடியுற வேலையில அது சரியான கரைச்சல். முதல் வருஷம் மட்டுமாவது கம்பஸுக்குக் கிட்ட ரெண்டு மூண்டு பேரோட சேர்ந்து இருங்கோ.

வேலை கிடைக்குமோ எண்டால், பேராசிரியர் வேலையை மட்டும் நினைச்சு வராதேங்கோ, என்னோட படிச்ச ஆக்களில அப்பிடிப் போனது ஒரே ஒருத்தர், மிச்ச ஆக்கள் மருந்துக் கொம்பனி, பேற்றன்ற், அரசாங்க அனுமதி வேலை, ஒருத்தன் பொஸ்ரனுக்கு. பட்டினியாக் கிடக்கிறவை ஒருத்தரும் இல்லை.

வரேக்க கறித்தூளுக்குச் சூட்கேசில இடம் விடாதேங்கோ, எல்லாம் இங்க கிடைக்கும், குளிர் ஜாக்கெற்றையும் இங்க வந்து வாங்குங்கோ, கொழும்பில விக்கிறது நவம்பருக்கே காணாது. பேராதனையில எழுதின லாப் கொப்பியளைக் கொண்டு வாங்கோ. கடிதத்தில கழிவு போக எவ்வளவு எண்டு கேட்டு மறுமொழி வந்தவுடன எனக்கு எழுதுங்கோ, ரெண்டு பேரும் இருந்து கணக்குப் பாப்பம்.