கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் நிற்கும் லொறி

கேள்வி: எனக்கு மூன்று லொறி. நானுஓயாவிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றி இரவில் தம்புள்ளைக்கு ஓடுகின்றன. மூன்றிலும் ஜீபிஎஸ் டிரெக்கர் பூட்டியிருக்கிறேன். லபுக்கலை தாண்டி ரம்பொடைப் பக்கம் இறங்கியதும் ஒரு லொறி மட்டும் மெப்பில் காணாமல் போகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் கழித்துப் புசல்லாவையில் முளைக்கிறது. போன கிழமை கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு நடுவில் நிற்பதாகக் காட்டியது! சாரதி வழியில் மூட்டை இறக்குகிறார் என்கிறான் மகன். அந்த இடத்தில் என் போனுக்குக் கவரேஜ் இருக்கிறதே?
— பெயர் வேண்டாம், நானுஓயா

பதில்: சாரதியிடம் இன்னும் ஒன்றும் கேட்காதீர்கள் ஐயா. கேட்டாகிவிட்டது என்றால், இதை வாசித்து முடித்ததும் அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள்.

நீர்த்தேக்கத்தை முதலில் முடித்துவிடுவோம், அது லேசான விஷயம். டிரெக்கர் இரண்டு வேலை பார்க்கிறது. இருபதாயிரம் கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதிகளைக் கேட்டுத் தான் நிற்கும் இடத்தைக் கணக்குப் போடும். அதற்குச் சிம் தேவையில்லை. கணக்குப் போட்டதை உங்களுக்கு அனுப்பத்தான் சிம். ரம்பொடையில் ஒரு பக்கம் மலை சுவராக நிற்கிறது, பாதி வானம் தெரியாது. செய்மதி போதாமல் போனால் சில டிரெக்கர்கள், பேசிக்கொண்டிருக்கும் டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் இடத்தைச் சொல்லிவிடும். அந்த டவர் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருந்தால் புள்ளி தண்ணீரில் விழும். லொறி நனையவில்லை, பயப்படாதீர்கள்.

இனி காணாமல் போகிற கதை. நான் பதினாறு வருடம் டவர் ஏறியவன். மலைநாட்டு ரோட்டில் கவரேஜ் இருப்பது ஒன்று, ஓடிக்கொண்டே அதைப் பிடித்துவைத்திருப்பது இன்னொன்று. உங்கள் போனில் பார்க்கும்போது நீங்கள் எங்கேயாவது நிறுத்தித்தான் பார்த்திருப்பீர்கள். லொறி நிற்பதில்லையே.

தம்புள்ளை போகும் ஒரு லொறியில் ஒருமுறை கிளீனர் சீட்டில் உட்கார்ந்து போனேன். மடியில் போன், அதில் சிக்னல் அளவு காட்டும் திரை. நேர் ரோட்டில் மைனஸ் 88 என்று நின்றது, நல்ல அளவு. சாரதி கியரை இறக்கி ஒரு வளைவைத் திருப்பினார். மூன்று செக்கன் கூட இல்லை, மைனஸ் 118. இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. சமதரையில் ஒரு டவர் மெல்ல மங்கும், அடுத்தது மெல்ல எழும்பும், இணைப்பு ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கைமாற நேரம் கிடைக்கும். இங்கே பழைய டவர் மலைக்குப் பின்னால் சட்டென்று மறைகிறது. சிக்னல் கொஞ்சம் ஆடினாலே மாற்றிவிட்டால், இரண்டு டவருக்கு இடையில் பந்து மாதிரி போய் வரும். அதனால் நெட்வேர்க் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் கைமாற்றும். அந்தப் பொறுமைக்கு நம் வளைவுகள் இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எந்தெந்த டவருக்குக் கைமாற்றலாம் என்று ஒவ்வொரு டவரும் ஓர் அக்கம்பக்கப் பட்டியல் வைத்திருக்கும். எதிர்மலை டவரின் பட்டியலில் வளைவுக்குப் பின்னாலுள்ள டவர் இல்லாவிட்டால் இணைப்பு அறுந்து, திரும்பத் தேடித்தான் சேர வேண்டும். ஆகவே கம்பனிக்கு முறைப்பாடு செய்யும்போது 'கவரேஜ் இல்லை' என்று சொல்லாதீர்கள், அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எத்தனையாவது கிலோமீற்றர் கல், எத்தனை மணி, ஏறும்போதா இறங்கும்போதா என்று சொல்லுங்கள். ஏறும்போது ஒழுங்காகக் கைமாறுகிற வளைவு இறங்கும்போது சொதப்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் சேர்ந்தாலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மற்ற 23 நிமிடம்? அங்கேதான் எனக்குச் சந்தேகம் அந்த ஒரு டிரெக்கர் மேல். ஒரே ரோட்டில் மற்ற இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன அல்லவா? பல மலிவான டிரெக்கர்களுக்கு இணைப்பு அறுந்தது விளங்குவதில்லை. கடை மூடியது தெரியாமல் ஷட்டருக்கு முன்னால் நின்று கூப்பிடுகிற மாதிரி, செத்த இணைப்பிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறாயா?' என்று சர்வரைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் உடனே புதிதாக இணையும்படி அதன் செட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள். பூட்டியவருக்கு ஐந்து நிமிட வேலை. டூஜீ மட்டும் உள்ள பழைய சாமான் என்றால் பணத்தைச் செலவழித்து ஃபோர்ஜீக்கு மாறிவிடுங்கள். அப்படியே அன்டெனா எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். என் மச்சானின் வேனில் அதை ரேடியோவுக்குப் பின்னால் தகரத்தோடு சேர்த்து டேப் சுற்றி வைத்திருந்தார்கள்! முன்கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் பக்கம் எடுத்து ஒட்டியதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டு சிம் போட்டால் சரிவருமா என்று அடுத்து கேட்பீர்கள். உள்ளே ரேடியோ ஒன்றுதான் ஐயா. ஒரு சிம்மை விட்டு மற்றதைத் தேடிச் சேர்வதற்குள் அந்த வளைவு போய்விடும்.

சாரதி விஷயத்துக்கு வருகிறேன். உடனுக்குடன் காட்டும் புள்ளியை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் 'ஹிஸ்டரி'யைத் திறந்து பாருங்கள். நல்ல டிரெக்கர் கவரேஜ் இல்லாத நேரத்துப் புள்ளிகளை மெமரியில் வைத்திருந்து பிறகு அனுப்பும். வேகம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். மெமரி இல்லாத சாமானா? சரி, லபுக்கலையில் கடைசிப் புள்ளிக்கும் புசல்லாவையில் முதல் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பத்து இரவுக்கு எழுதுங்கள். மற்ற இரண்டு லொறிக்கும் அதே கணக்கை எடுங்கள். மூட்டை இறக்கக் குறைந்தது கால் மணித்தியாலம் வேண்டும். அது கணக்கில் தெரியாமல் போகாது. மகனையே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ரயிலில் ஹட்டன் தாண்டியதும் வட்ஸ்அப் கோல் ஒவ்வொரு நாளும் கட்டாகிறது. என்ன செய்யலாம்?
— மாணவி, தலவாக்கலை

பதில்: கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது தங்கச்சி. அரைக் கிலோமீற்றருக்கு மேல் பாறை, அதுவும் உள்ளே வளைவு. ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்த பிறகும் ஓரிரு நிமிடம் இழுக்கும், ஏனென்றால் பெட்டியிலுள்ள அத்தனை போனும் ஒரே நேரத்தில் ஒரே டவரின் கதவைத் தட்டுகின்றன. ஹட்டனில் ரயில் நிற்கும்போதே 'சுரங்கம் வருது, பிறகு எடுக்கிறேன்' என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

கேள்வி: பால் சேகரிக்கும் பவுசருக்கு வெப்பநிலை காட்டும் கருவி வாங்கப் போகிறோம். 'என்பி-ஐஓடி, பற்றரி பத்து வருடம் வரும்' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— வாசகர், பொகவந்தலாவை

பதில்: பால் சேகரிக்கும் நிலையத்திலுள்ள குளிரூட்டித் தொட்டிக்கு வாங்கலாம். அது ஒரே இடத்தில் இருக்கும், எப்போதாவது ஓர் எண்ணை அனுப்பும். என்பி-ஐஓடி என்பது இப்படிக் கொஞ்சமாகத் தகவல் அனுப்பும் கருவிகளுக்கான மொபைல் இணைப்பு, அதற்காகத்தான் அதைச் செய்தார்கள். ஓடிக்கொண்டே ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு அறாமல் கைமாறுகிற வேலையை ஆரம்பத்திலேயே அதில் வைக்கவில்லை. பவுசருக்குச் சாதாரண ஃபோர்ஜீ கருவி போதும். பற்றரியைப் பற்றி யோசிக்காதீர்கள், வண்டியின் பற்றரியிலிருந்தே கொடுக்கலாம்.