சக்கர பேரிங்: பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்க

கேள்வி (சங்ககிரி, லாரி வைத்திருப்பவர்): பெட்டியில் ஜெர்மன் கம்பெனி பெயர், பேரிங்கிலோ 'இந்தியா' என்று அடித்திருக்கிறது. ஏமாந்துட்டனா?

பதில்: இல்லைங்கண்ணா. கம்பெனி பிறந்த ஊர் வேறு, பேரிங் செய்த ஊர் வேறு. எஸ்கேஎஃப் 1907-இல் சுவீடனில் தொடங்கியது; புனேயிலும் ஆலை வைத்திருக்கிறது. அமெரிக்க டிம்கென் ஜாம்ஷெட்பூரில் செய்கிறது, ஜெர்மன் எஃப்ஏஜி வடோதராவில். என்பிசி ஜெய்ப்பூரில் பிறந்த நம்ம நாட்டுக் கம்பெனியே. இந்தியாவில் செய்ததால் தரம் குறைந்துவிடாது. பெட்டியில் உள்ள எண்ணும் நாடும் வளையத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்க. ஒத்துவரவில்லை என்றால், கடைக்காரர் சரியான காரணம் சொல்கிறவரை பணம் கொடுக்காதீங்க.

கேள்வி (திருப்பூர், குட்டியானையில் பனியன் மூட்டை ஓட்டுபவர்): பாதி விலைக்குத் தர்றாங்க. டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த விலையே முதல் அடையாளம் தம்பி. நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். அவசரத்துக்கு ஒரு கடையில் டேப்பர் ரோலர் பேரிங் (சரிவான உருளைகள் உள்ள வகை) வாங்கி மாட்டினேன். இரண்டே வாரத்தில் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) தொட முடியாத அளவு சூடு. கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸைத் துடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எழுத்து இருந்த முகத்தில் கிரைண்டிங் கோடுகள். நகத்தை ஓட்டினால் எண்ணுக்கு அடியில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பழைய பேரிங்கின் எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதுசாக அடித்து விற்றிருக்கிறார்கள். லோடு வண்டியின் சக்கரத்தில் செய்கிற வேலையா இது? நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அதனால் மாட்டுவதற்கு முன்பே துடைத்துப் பாருங்க. எழுத்து கலங்கலாக இருந்தாலோ, ரோலர் ஓடும் பாதையில் கோடோ நிறமாற்றமோ தெரிந்தாலோ திருப்பிக் கொடுத்துடுங்க. உலக பேரிங் சங்கத்துக்கு ஒரு செல்போன் ஆப் இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் பெரிய கம்பெனிகளின் பெட்டியில் உள்ள குறியீட்டை அதில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். பில் கட்டாயம் வாங்குங்க.

கேள்வி (பொள்ளாச்சி): பைக்கில் 6301 எண் பேரிங்குக்குப் பதில் 6201 போடலாமா?

பதில்: கூடாது. துளை இரண்டுக்கும் 12 மி.மீ.தான், ஆனால் வெளி விட்டம் 37, 32 என்று மாறும்.

கேள்வி (நாமக்கல்): டேப்பர் ரோலர் பேரிங்கில் கோன் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: கப்பையும் (வெளி வளையம்) சேர்த்தே மாற்றுங்க. பழைய கப்பில் பழைய ரோலர் ஓடிய தடம் இருக்கும். புதுக் கோன் அதில் சீக்கிரம் கெடும்.

கேள்வி (கோவை): காரில் புது பேரிங் போட்டதிலிருந்து ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. பேரிங் மட்டமா?

பதில்: பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன், திருப்பி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்க. பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலில் (தூசி புகாமல் தடுக்கும் மூடி) காந்த வளையம் இருக்கும். அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின்னை அருகில் கொண்டுபோனால் அந்தப் பக்கம் லேசாக இழுக்கும். அப்புறம், பேரிங்கைக் காந்தத் தட்டில் வைக்க விடாதீங்க, அந்த வளையம் கெட்டுவிடும்.